பழவேற்காட்டு நண்டும் யாழ்ப்பாணத்துக் கூழும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. விடுமுறை நாட்களில் மீன் சாப்பிடவென்றே அங்கே போகிறவர்கள் உண்டு. நாலு மேசை போட்ட சின்னக் கடைகளில் இறாலும் நண்டும் சுடச்சுட வறுவலாக வரும். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கிற அதே மிளகாய்த்தூள் வறுவல்தான் அது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எதிரில் விரிந்து கிடக்க, தட்டில் அந்த ஏரியின் அடையாளம் எதுவுமில்லை. இலங்கையின் களப்பு (காயல்) ஓரங்களில் இது வேறு விதமாக அமைந்திருக்கிறது. அன்றைக்கு வலையில் விழுந்தது சமையலை எவ்வளவு தீர்மானிக்கிறது, அடுப்பு யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் ஒரு சின்னக் கடையை ஊர்க்கடை ஆக்குகின்றன. முதலாவதில் இலங்கையிடமிருந்து பழவேற்காடு கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இரண்டாவதில் இன்னும் அதிகம்.

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழை எடுத்துக்கொள்வோம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை இறக்குவார்கள். பானையில் மீன் தலை, நண்டு, இறால், கணவாய் என்று கிடைத்ததெல்லாம் போகும். கூடவே பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை. அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்து மாவு கரைந்து கெட்டிப்பட்டதும், பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். இந்தச் சமையலுக்கு இன்ன மீன், இத்தனை கிராம் என்ற கட்டாயம் கிடையாது. பெரிய மீன் படாத நாளிலும் பானை நிறையும். பழவேற்காட்டிலும் பனை உண்டு. அங்குள்ள முஸ்லிம் பெண்களின் ஓலைக் கூடைகள் பெயர் பெற்றவை. இருந்தும் நம் பக்கத்தில் பனங்கிழங்கு அவித்துத் தின்பதோடு நின்றுவிட்டது. ஏரியையும் பனையையும் ஒரே பானையில் சேர்த்த சமையல் ஒன்று யாழ்ப்பாணத்தில் கடைப்பண்டமாகவும் ஆகியிருக்கிறது. பழவேற்காட்டு வீடுகளில் மடவைக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் இல்லாமலா இருக்கின்றன? அவை வாசல் தாண்டிக் கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வராததற்குக் காரணம் ஏரியில் பிடிபடும் நல்ல சரக்கு ஊரில் தங்காததே. சேற்று நண்டின் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, வயிற்றோட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். கெட்டியாக இருந்தால் விலை. தோலுரித்துத் தண்ணீராக இருந்தாலோ ஒரு கொடுக்கு போயிருந்தாலோ விலை இறங்கிவிடும். நல்லது சென்னை வழியாக வெளிநாட்டுக்குப் போகிறது. இலங்கையிலும் நெடுங்காலம் இதே கதைதான். சிங்கப்பூரின் மிளகாய் நண்டுக்குப் பேர்போன நண்டு இலங்கையிலிருந்து போனது. 2011இல் கொழும்பில், பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில், சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து ‘மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப்’ என்ற உணவகத்தைத் தொடங்கி அந்த நண்டை உள்நாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். பணக்காரர்கள் சாப்பிடும் இடத்தை இங்கே ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல நண்டை நாட்டிலேயே நிறுத்தினால் மட்டும் அது பிடித்தவரின் தெருவுக்குத் திரும்பிவிடாது என்பதற்கு அந்த உணவகமே சாட்சி.

திரும்ப வேண்டுமானால் அடுப்பு ஊர்ப் பெண்களிடம் இருக்க வேண்டும். வட மாகாணத்தில் வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் ‘அம்மாச்சி’ உணவகங்கள் நடக்கின்றன. கட்டடம் பொது, ஆளுக்கொரு அடுப்பும் விற்பனை இடமும் வைத்து, தான் சமைத்ததைத் தானே விற்று, வருமானத்தைப் பெண்களே எடுத்துக்கொள்கிறார்கள். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஏழைகளின் பசியைத் தீர்க்கும் பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே சமைக்கும் சுயஉதவிக்குழுப் பெண் தினக்கூலிக்காரி. என்ன சமைப்பது, என்ன விலை என்பதை முடிவு செய்வது மாநகராட்சி. அம்மாச்சி மீனுக்குப் பெயர்போன இடம் அல்லதான்; நான் கேட்பது அந்த ஏற்பாட்டை, அந்தப் பண்டங்களை அல்ல.

ஏற்கெனவே மீன்வளம் மெலிந்துவரும் ஏரியைக் கரையோரக் கடைகள் இன்னும் அரிக்காதா என்பது அடுத்த மறுப்பு. ஊர்க்கடைக்கு ஒரே அளவு நண்டு தேவையில்லை. ஒற்றைக் கொடுக்கு நண்டையும் பொடிமீனையும் குழம்பாக்கி, கூடுதலாக எதையும் பிடிக்காமலே கூடுதல் காசு பார்க்கலாம். நல்ல நண்டு வழக்கம்போல ஏற்றுமதிக்கே போகட்டும். இடத்தை யார் பிரித்துக்கொடுப்பது என்ற கேள்விக்குப் பழவேற்காட்டிடமே பதில் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியைப் பாடுகள் எனப்படும் மீன்பிடி இடங்களாகப் பிரித்து, முறை வைத்து இறால் பிடித்து வந்தவை. நீர்கொழும்புக் களப்பிலும் முளை நட்டுக் கட்டும் வலைகளுக்குச் சீட்டுப் போட்டுத்தான் இடம் ஒதுக்குகிறார்கள். தண்ணீரில் முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு அடுப்பில் முறை வைப்பது கடினமில்லை. ஒன்றை மட்டும் மாற்றியாக வேண்டும். சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களுக்குப் பாடு முறையில் பங்கில்லை. அடுப்பு முறையை முதல் நாளிலிருந்தே அவர்களையும் சேர்த்து வகுக்க வேண்டும்.