ஒரே மரபணு, ஒரே புழு, இரண்டு முடிவுகள்

2018-இல் அமெரிக்க வேளாண் துறை, தன் நாட்டுப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மகாராஷ்டிராவில் அதே புழு பி.டி. பருத்திக் காய்களைக் குடைந்து தின்றுகொண்டிருந்தது. இரு நாட்டுச் செடிகளிலும் இருந்தவை ஒரே மரபணுக்கள். மரபணு மாற்றம் இயற்கைக்கு விரோதமா என்ற கேள்வியில் மட்டும் நின்றுவிட்டால் இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பது விளங்காது.

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்க்கிறார்கள். செடி தானே ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதைத் தின்னும் காய்ப்புழு குடல் சிதைந்து சாகிறது. இந்தியா 2002 மார்ச்சில் இதற்கு அனுமதி கொடுத்தது. தொடக்கத்தில் கிடைத்த பலனை மறுக்க முடியாது. 2002 முதல் 2008 வரையிலான தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் காதகே, கைம் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, பி.டி.யால் ஏக்கருக்கு 24 சதவீதம் விளைச்சல் கூடியது, சிறு விவசாயிகளின் பருத்தி லாபம் 50 சதவீதம் உயர்ந்தது என்றது. 2020-இல் வேறு இரு ஆய்வாளர்களான கிராந்தியும் ஸ்டோனும் நீண்டகாலப் புள்ளிவிவரங்களை அலசி, விளைச்சல் உயர்வுக்கு உரமும் பாசனமுமே பெரிய காரணங்கள், பூச்சிமருந்துச் செலவு பி.டி.க்கு முன்பிருந்ததையும் தாண்டிவிட்டது என்றார்கள். இரண்டு ஆய்வுகளும் முற்றிலும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் ஆய்வின் தரவு முடிந்த பிறகுதான் புழு எதிர்ப்புத்திறன் பெற்றது உறுதியானது. 2010-இல் குஜராத்தில், முதலில் வந்த ஒற்றை மரபணு விதை தோற்றது தெரியவந்தது. இரண்டு மரபணுக்கள் சேர்ந்த விதையும் அடுத்த சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புப் புழுவிடம் தோற்றது.

இது எதிர்பாராத விபத்து அன்று. புழு எதிர்ப்புத்திறன் பெறும் என்பது தெரிந்துதான் அடைக்கலப் பயிர் விதி வந்தது. வயலில் ஒரு பகுதியில் சாதாரணப் பருத்தி நட வேண்டும். அங்கே பிழைக்கும் பூச்சிகள், எதிர்ப்புத்திறன் பெற்ற பூச்சிகளோடு கூடினால் அடுத்த தலைமுறை மீண்டும் பி.டி.க்கு மடியும். இதற்காக 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையையும் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் அதை விதைக்கவில்லை. இரண்டு ஏக்கர்க்காரர் தன் நிலத்தில் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட வேண்டும், நட்டஈடும் கிடையாது. ஊருக்கெல்லாம் சேர்த்து எடுத்த காப்பீட்டுக்கு அவர் ஒருவர் தவணை கட்டுவது போன்றது அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசோனாவில் பெரிய பண்ணைகள் அடைக்கலப் பயிரை முறையாக நட்டன. 2006 முதல் அந்தப் புழுவின் மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் தூவினார்கள். அங்கே பாதுகாப்பு பொதுப்பணி. இங்கே பாக்கெட்டுக்குள் போட்ட இன்னொரு பொட்டலம்.

அதைவிடப் பெரிய பிழை விதையின் வடிவம். இந்தியாவில் இந்த மரபணு பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைகளாகவே வந்தது. ஒட்டு விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் குணம் மாறிவிடும். ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். விதை நிறுவனங்களின் வருமானம் இதனால் உறுதியானது. தொடக்கத்தில் ஒரு பாக்கெட் சுமார் 1,600 ரூபாய்க்கு விற்றது. 2006-இல் ஆந்திர அரசு வழக்குத் தொடுத்த பிறகே 750-க்கு இறங்கியது. ஒட்டுச் செடிகள் வயலில் நீண்ட நாள் நிற்பதால், பருவத்தின் கடைசியில் பெருகும் இளஞ்சிவப்புப் புழுவுக்கு மேலும் சில தலைமுறைகள் கிடைத்தன. குறுகிய கால ரகங்களில் இதே மரபணுவைக் கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்றே நம்புகிறேன். மாறாக, 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் பகுதியில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள். மருந்தடிப்பைக் குறைக்கும் என்று சொல்லி விற்ற பயிர் அது.

இந்தப் பின்னணியில்தான் பி.டி. கத்தரியைப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1 போன்ற ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்திருந்தது. இவை ஒட்டு அல்ல, விவசாயி விதை எடுத்து வைக்கலாம். 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார். சார்பற்ற நீண்டகாலச் சோதனைகள் இல்லை என்ற அவர் காரணம் நியாயமானது. கத்தரியின் காட்டு உறவுகள் இங்கே இருப்பதால், மரபணு அவற்றுக்குப் பரவும் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் அந்தச் சோதனைகளை நடத்தி ஒரு முடிவுக்கு வராமல் இத்தனை ஆண்டுகள் கோப்பை மூடிவைத்ததை என்னால் ஏற்க முடியாது. நியாயம் குறைந்த ஏற்பாட்டில் பருத்தி பரவியது. அதைவிட நியாயமான ஏற்பாடு கத்தரியோடு நின்றுபோனது. 2013-இல் வங்கதேசம் தன் அரசு ஆய்வு நிலையத்தின் வழியே பி.டி. கத்தரி ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. அங்கும் செடியில் இருப்பது பருத்தியில் தோற்ற அதே ஒற்றை மரபணுதான். ஆகவே அடைக்கலப் பயிருக்கு விடும் இடத்தின் விளைச்சலை அரசோ நிறுவனமோ ஈடுசெய்ய வேண்டும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனையாக எழுதும் வரை, எந்தப் புதிய பூச்சி எதிர்ப்பு விதைக்கும் ஆதரவுக் குரல் கொடுக்க நான் தயாரில்லை.