துளைகள் காத்த பாலம்

வேல்ஸ் நாட்டின் பாண்டிபிரித் நகரில், டாஃப் ஆற்றை ஒரே வளைவில் தாண்டுகிறது வில்லியம் எட்வர்ட்ஸ் 1756இல் கட்டி முடித்த கல்பாலம். கரைக்குக் கரை 140 அடி. நடுவில் தூணே கிடையாது.

ஆற்றுக்குள் தூண் நிறுத்திய அவரது முதல் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. பிறகு எழுப்பிய ஒற்றை வளைவிலோ, இரு தோள்களின் பாரம் அழுத்தி, மெலிந்த உச்சி மேலெழும்பி உடைந்தது. மறுபடி கட்டும்போது எட்வர்ட்ஸ் தோள்களின் சுமையைக் குறைத்தார். பக்கத்துக்கு மூன்றாக, 9, 6, 3 அடி விட்டத்தில் உருளைத் துளைகள் விட்டார். பாரம் சமனானது, பாலம் நின்றது.

ஏற்றம் மிகுதியால் வண்டிகள் திணறின. 1857இல் பக்கத்திலேயே வேறு பாலம் வந்தது. ஆனாலும் அழகு என்றால் எனக்கு அந்த ஆறு வட்டங்கள்தான். அலங்காரம்போல் தெரியும் ஒவ்வொன்றும் பாலத்தைத் தாங்கும் கணக்கு.