பாரீசுக்குப் போன மனுக்கள்

பிரெஞ்சுப் புதுச்சேரியின் வரலாறு பெரும்பாலும் கவர்னர்களின் கடிதங்களைக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. கவர்னராக இருந்த மார்த்தினோ 1911-இல் தொடங்கிய வரலாற்றுக் கழகம் கவுன்சில் நடவடிக்கைகளை அச்சேற்றியது பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பக்கங்களில் தமிழர் முறையிடுவதும் மன்றாடுவதும் பிரெஞ்சு எழுத்தரின் வாசகத்தில்தான் வருகின்றன. 1736-இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்தக் குறையைப் பாதி தீர்த்தது; பிரபஞ்சன் அதை நாவலாக்கி வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். மனு எழுதியவர்களின் அரசியலை நேராக எடுத்துக்கொண்ட ஆய்வு பிந்தியே வந்தது. அதில் முக்கியமானது, நயினியப்பப் பிள்ளை வழக்கைப் பற்றி டேனா அக்மோன் 2017-இல் வெளியிட்ட நூல். இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: குடிமக்களின் மனு வெறும் கும்பிடு அல்ல, உள்ளூர் அதிகாரிக்கு மேலே இருப்பவரைத் தம் பக்கம் இழுக்கும் வேலை.

நயினியப்பர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகர். 1716-இல் கவர்னர் எபேர் அவரைக் கொடுங்கோன்மை, கலகத்தூண்டல் என்ற குற்றங்களுக்காகச் சிறையில் அடைத்தார். கசையடியும் சொத்துப் பறிமுதலும் தண்டனை. மறு ஆண்டே சிறையில் இறந்தார். பிள்ளைகள் விடவில்லை, மனுக்கள் கடல் கடந்தன. அவர்கள் தந்தை உத்தமர் என்று புலம்பிக்கொண்டிருக்கவில்லை; விசாரணையின் ஓட்டையில் கை வைத்தார்கள். தமிழில் சொன்ன சாட்சியம் போர்த்துகீசியத்துக்கும் பிறகு பிரெஞ்சுக்கும் போனது. தமக்குப் புரியாத தாளில் சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். பாரீசின் சட்டம் ஏற்கும் வாதம் எது என்று தெரிந்தவர்களின் எழுத்து இது. எபேருக்கு வேண்டாத வணிகர்களும் ஏசுசபையுடன் பகைத்திருந்த பாதிரிகளும் அங்கே துணை நின்றார்கள். 1720-இல் தீர்ப்பு ரத்தானது. மூத்த மகன் குருவப்பர் பிரான்சில் ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி அதே தரகர் பதவியில் அமர்ந்தார். தந்தை மறுத்த மதமாற்றத்தை மகன் ஏற்க வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மனுவுக்கு விலை உண்டு.

இதெல்லாம் பணமும் செல்வாக்கும் உள்ளவர்களின் கதை, நெசவாளிக்கும் மீனவருக்கும் இதில் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எளியவர்களுக்கு வேறொரு வழி இருந்தது: ஊரைவிட்டுக் கிளம்புவது. கோயில் வழிபாட்டில் கை வைத்தபோது 1701-இல் மக்கள் திரளாக வெளியேற முற்பட்டார்கள், நிர்வாகம் இறங்கிவந்தது. நெசவு நின்றால் கப்பலுக்குச் சரக்கில்லை. தரகர்களின் மனுக்களுக்குக் கனம் கொடுத்ததில் இந்த அச்சத்துக்கும் பங்குண்டு. முறையிடுவது மக்களின் உரிமை என்று அமெரிக்கர்கள் 1791-இல் தம் அரசமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். புதுச்சேரியில் அப்படி எழுதிவைத்த உரிமை எதுவும் இல்லாமலே இத்தனையும் நடந்தது. மன்னனிடம் முறையிடுவது மன்னனை ஏற்பதுதானே என்ற இன்னொரு மறுப்புக்கு 1873 பதில் சொல்கிறது. பூட்ஸ் அணிந்து நீதிமன்றம் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை பாரீசுக்கு மேல்முறையீடு செய்து வென்றார். பிரான்சின் சட்டத்தை ஏற்றுத்தான் வென்றார். அதை வைத்தே பிரெஞ்சு நீதிபதியைத் தலைகுனியவும் வைத்தார்.

இன்றைய புதுச்சேரியிலும், பிள்ளைச்சாவடியில் கடல் வீடுகளைத் தின்னும்போது மீனவர்கள் மனு கொடுக்கிறார்கள், பலிக்காவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்காருகிறார்கள். காகிதமும் மறியலும் சேர்ந்துதான் இன்றும் வேலை செய்கின்றன. பக்கத்திலேயே காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நயினியப்பர் வழக்கின் மனுக்களைத் தமிழில் பதிப்பிக்கும் பொறுப்பை அதன் வரலாற்றுத்துறை ஏற்க வேண்டும்.