கிழக்குச் செருமனியும் சீகன்பால்கு கடிதங்களும்

பிளவுண்ட செருமனியில் 1949 முதல் 1990 வரை நிலவிய கிழக்குப் பொதுவுடைமை அரசின் வரலாற்றை வரைவோர், பெர்லின் மதில் எழுந்த 1961-ஐயும் அது திறந்த 1989-ஐயுமே பெரிதும் நோக்குவர். தமிழாராய்வார்க்கு 1957-உம் இன்றியமையாதது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து 1719-இல் அங்கேயே மறைந்த சீகன்பால்கின் அதுவரை அச்சேறாத கடிதங்களை, ஆலே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னோ லேமன் அவ்வாண்டு கிழக்கு பெர்லினில் பதிப்பித்தார். கடவுள் மறுப்பைப் போற்றிய அரசு, சமயத்தொண்டர் ஒருவரின் கடிதங்களுக்கு அச்சிசைவு அளித்தது வியப்பன்றோ? எனினும் இதனை அவ்வரசின் தமிழ்த்தொண்டெனப் புகழ்தல் மிகை. வெளியிட்டது திருச்சபைப் பதிப்பகம். லேமனின் தமிழ்ப் புலமையோ அவ்வரசினும் மூத்தது. தமிழ்நாட்டில் சமயப்பணி ஆற்றித் தமிழ் கற்ற அவர், தாயுமானவர் பாடல்களை 1935-இலேயே செருமன் மொழியில் தந்தவர். அரசு தடுத்திலது, அவ்வளவே. ஆயினும் அச்சிறு இசைவு மதிலைப் பேசும் வரலாறுகளில் இடம்பெறாமை குறையே.