துண்டுச்சீட்டும் தோடியும்

இசை நிகழ்ச்சிக்குச் செல்லும் ரசிகன் தனக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலை மனத்தில் சுமந்து செல்வதும், அப்பட்டியல் மேடையில் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைக் கொண்டே நிகழ்ச்சியின் தரத்தை முடிவு செய்வதும் இன்று தமிழ்ச் சூழலில் எவரும் கேள்வி எழுப்பாத உரிமையாகிவிட்டன. 2017 ஜூலை 8 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ஏ.ஆர்.ரகுமான் ‘நேற்று இன்று நாளை’ என்ற தலைப்பில் நடத்திய நிகழ்ச்சியில், தமிழ்ப் பாடல்கள் மிகுந்துவிட்டன என்று குறைகூறி இந்தி ரசிகர்களில் ஒரு பகுதியினர் இடையிலேயே எழுந்து சென்றதும், சிலர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதும் பெரிதாகப் பேசப்பட்டன. தமிழர்கள் அதை மொழிச் சிக்கலாகக் கண்டு சினந்தனர், அச்சினம் நியாயமானதே. ஆயினும், கட்டணம் செலுத்தியவனுக்குத் தான் முன்பே அறிந்த பாட்டைக் கேட்கும் உரிமை உண்டு என்னும் கோட்பாடு அந்த வெளிநடப்புக்கு அடியில் கிடந்தது என்பதையும், அக்கோட்பாட்டைச் சினந்தவர்களும் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். வெம்பிளியில் நுழைவுச்சீட்டாக இருந்த அதே கோட்பாடுதான் உடன்குடி வட்டாரத்துக் கோயில் கொடைகளில் துண்டுச்சீட்டாக மேடை ஏறுகிறது.

கொடை என்பது அம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் ஊரார் தலைக்கட்டு வரி பிரித்து எடுக்கும் விழா. துண்டுச்சீட்டு என்பது, அவ்விழாவின் இன்னிசைக் கச்சேரியில் தனக்கு வேண்டிய பாட்டைத் தன் பெயரோடு எழுதி, பல வேளைகளில் ரூபாய் நோட்டு ஒன்றையும் சேர்த்து, மேடைக்கு அனுப்பும் தாள். இத்தாளின் முன்னோர்கள் இருவர். முதலாமவர் வானொலி. 1952இல் அமைச்சர் பி.வி.கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் சுருங்கியபோது, கடல் கடந்து வந்த இலங்கை வானொலி அந்த இடத்தை நிரப்பியது. மன்னார் வளைகுடாக் கரையில் அதன் தமிழ்ச் சேவை தெளிவாகக் கேட்டது. அதன் நேயர் விருப்ப நிகழ்ச்சிகள், பாட்டோடு கேட்டவரின் பெயரையும் ஊரையும் ஒலிக்கச் செய்து, விருப்பத்தைப் பொதுவெளியில் பதிவு செய்யும் இன்பத்தைக் கற்றுக்கொடுத்தன. இரண்டாம் முன்னோர் எண்பதுகளின் ஒலிநாடாக் கடை. பாடல்களின் பட்டியலை எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரமாகப் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு, அப்பட்டியல் ஏறக்குறைய ஒரு தன்வரலாறு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் பெட்டியில் அது ஊரின் நினைவாகவும் இருந்தது.

இவ்வழக்கத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. தன் பட்டியலைப் பேணும் ரசிகன் பதிப்பாளர் இல்லாத ஓர் ஆவணக் காப்பகம். படம் ஓடாததால் மறைந்திருக்க வேண்டிய எத்தனையோ பாடல்கள் அவனுடைய பிடிவாதத்தால்தான் பிழைத்திருக்கின்றன. எந்தப் பாட்டு நல்லது என்று சபாக்களும் புரவலர்களும் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரத்தைப் பனையேறியும் பீடி சுற்றுபவரும் தம் கையில் எடுத்துக்கொண்டதில் ஒரு சமத்துவம் இருக்கிறது. நாகூர் ஈ.எம்.ஹனிபாவின் கச்சேரியில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ கேட்டவர்கள் எல்லா மதத்தவராகவும் இருந்தார்கள் என்பது, விருப்பப் பாடல் சில வேளைகளில் ஒரு கூட்டத்தை ஒன்றாக்கவும் வல்லது என்பதற்குச் சான்று. இவை உண்மையான நன்மைகள். ஆனால் இவை அனைத்தும் பாட்டின் நினைவைப் பற்றியவை. கச்சேரி என்ற நிகழ்வைப் பற்றியவை அல்ல. வழக்கத்தின் குறை அங்கேதான் தொடங்குகிறது.

குறையைச் சுருக்கிச் சொன்னால், பட்டியலோடு வரும் செவி கேட்க வருவதில்லை, சரிபார்க்க வருகிறது. ஏற்கெனவே நூறு முறை கேட்ட ஒலிப்பதிவை மூல ஓலையாக வைத்துக்கொண்டு, மேடையில் ஒலிப்பதை அதன் படியாகக் கருதி, எழுத்துப்பிழை தேடும் ஓர் ஓலை பார்ப்பவனாக ரசிகன் மாறிவிடுகிறான். இக்கச்சேரிகளில் வழங்கும் உச்சப் பாராட்டே இதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘அச்சு அசல்’ என்பதும் ‘ரெக்கார்டு மாதிரியே இருக்கு’ என்பதும் பாடகனுக்குக் கொடுக்கப்படும் மிகப் பெரிய புகழ்மொழிகள். உயிருள்ள ஒரு தொண்டையை இயந்திரத்துக்கு ஒப்பிட்டு, ஒப்புமை பொருந்தியதென மகிழும் இப்பாராட்டு, இசைக்கலைஞன் அன்றிரவு அங்கே வந்திருக்கத் தேவையில்லை என்பதை மரியாதையாகச் சொல்வதாகும். பதனீர் குடிக்க விடியலில் பனையடிக்குப் போனவன், சிரட்டையில் வார்த்த கருப்பட்டியின் வடிவம் அதில் இல்லையே என்று குறைபட்டால் உடன்குடியில் சிரிப்பார்கள். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் பதனீரின் சுவை மாறும் என்று அறிந்த ஊரே, பாட்டில் மட்டும் சிரட்டையின் வடிவத்தைக் கேட்கிறது.

ரசிகன் பாட்டுக் கேட்பது என்றைக்கும் உள்ள வழக்கம்தானே என்று இதற்கு விடை கூறுவார்கள். உள்ள வழக்கம்தான், ஆனால் என்ன கேட்கப்பட்டது என்பதில் வேறுபாடு இருக்கிறது. திருவாவடுதுறை டி.என்.இராசரத்தினம் பிள்ளையிடம் (1898–1956) ரசிகர்கள் விரும்பிக் கேட்டது தோடி. தோடி ஓர் இராகம். அதாவது, சில சுரங்களும் அவற்றை அசைக்கும் முறையும் சேர்ந்த ஓர் இயங்குவெளி. இராகத்தைக் கேட்பவன் கலைஞனிடம் ஒரு நிலத்தைக் காட்டி, இதில் நடந்து காட்டு என்கிறான். எந்தப் பாதை, எவ்வளவு தொலைவு, எங்கே நிற்பது என்பதெல்லாம் நடப்பவன் முடிவு. அவருடைய தோடி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. ஆனால் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே கொள்ளும் அத்தட்டுக்குள் மணிக்கணக்கில் விரியும் ஆலாபனை, அதாவது தாளக்கட்டின்றி இராகத்தை விரித்துரைக்கும் பகுதி, அடங்காது என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தட்டு ஒரு கைகாட்டியாக இருந்தது, அளவுகோலாக ஆகவில்லை. பாட்டின் பெயரை எழுதும் துண்டுச்சீட்டோ நிலத்தைக் காட்டுவதில்லை; பதிந்த காலடிகளைக் காட்டி, அவற்றின் மேலேயே கால் வைத்து நட என்கிறது.

இந்த வேறுபாட்டின் விலையைக் காண அதே நாகஸ்வர மரபில் தாமிரபரணிக் கரைக்கு வந்தால் போதும். இராசரத்தினம் பிள்ளையின் மாணவரான காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காக, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசையில், எஸ்.ஜானகியின் குரலுக்கு இணையாக ஆபேரி இராகத்தில் ‘சிங்கார வேலனே தேவா’ வாசித்தார். குரலும் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் அப்பாட்டு மிகச் சிறந்த வேலைப்பாடு என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அது வெளிவந்த பின், நெல்லைச் சீமையிலேயே அவர் பெயர் சொன்னதும் மக்கள் நினைவில் எழுவது அந்த ஒரு பாட்டு. இன்றும் நாகஸ்வரம் வாசிக்க வருபவரிடம், அவர் எந்த ஊரார், எந்த ஆசிரியரின் வழி வந்தவர் என்று கேளாமலே, முதலில் கேட்கப்படுவதும் அதுவே. இரவு முழுதும் வீதியுலாவில் இராகம் வளர்த்த ஒரு கலையின் முழு எடையைச் சில நிமிடங்களுக்குள் மடித்து வைத்தது திரைப்படம் அன்று. படம் தன் வேலையைச் செய்தது. மடித்தவன் பட்டியல் வைத்திருந்த ரசிகன்.

இதே தர்க்கம் மெல்லிசைக் குழுக்களில் தன் இறுதி விளைவை அடைந்திருக்கிறது. வயலின், புல்லாங்குழல், தபேலா, கிடார் என்று ஆட்களோடு இயங்கிய மேடையில் முதலில் கீபோர்டும் ரிதம் பேடும் அவர்களில் பலரின் இடத்தைப் பிடித்தன. பிறகு, பாடகரின் குரல் மட்டும் நீக்கப்பட்ட ஒலிப்பதிவாகிய ‘டிராக்’ வந்து எஞ்சியவர்களையும் இறக்கிவிட்டது. இதைத் தொழில்நுட்பத்தின் குற்றம் என்றும் செலவுச் சுருக்கம் என்றும் சொல்வது பாதி விளக்கம். ரெக்கார்டைப் போலவே ஒலிப்பது ஒன்றே குறிக்கோள் என்று ரசிகன் தீர்ப்பு எழுதிய பின், ரெக்கார்டையே ஓடவிடுவது அத்தீர்ப்பின் நேர்மையான நிறைவேற்றம். தன் பட்டியலைக் காப்பாற்றிய ரசிகன் அதை வாசித்தவர்களின் பிழைப்பைக் காப்பாற்றவில்லை.

அதே கொடையின் இன்னொரு மூலையில் இதற்கு நேர்மாறான முறை நூற்றாண்டுகளாக வழங்கி வருகிறது. வில்லுப்பாட்டில் எந்தத் தெய்வத்தின் கதை என்பது முன்பே தெரியும். கதையின் முடிவும் கூட்டத்துக்கு மனப்பாடம். அவ்வகையில் அதுவும் கேட்ட பாட்டே. ஆனால் வீசுகோலால் வில்லை அடித்துப் பாடும் தலைமைப் புலவர், கேட்பவர் முகத்தையும் சாமியாடியின் உடலையும் பார்த்துக்கொண்டே கதையை நீட்டுகிறார், குறுக்குகிறார். உடனிருந்து பின்பாட்டுப் பாடுவோர் ‘ஆமா’ போட்டுக் கதையைத் தள்ளிக்கொடுக்கிறார்கள். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு, கதை மாந்தரின் இறப்பைப் பாடும் கட்டத்தில் நிகழ்த்துதல் செறிந்து சாமியாட்டமாக மாறுவதை விரிவாகக் காட்டுகிறது. அந்தச் செறிவை எந்தச் சீட்டாலும் கோரிப் பெற முடியாது. சாமி வரும் நேரம் பட்டியலில் இருப்பதில்லை. கேட்பவர் இங்கே வாடிக்கையாளரும் அல்லர், சரிபார்ப்பவரும் அல்லர். நிகழ்வின் ஒரு பாதியை அவரே சுமக்கிறார்.

செவ்வியல் மேடையும் ரசிகனின் விருப்பத்தை விரட்டிவிடவில்லை; அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி அமைப்பில், வர்ணமும் கீர்த்தனைகளும் இராகம் தானம் பல்லவியும் முடிந்த பின், துக்கடா எனப்படும் சிறு உருப்படிகளின் பகுதி வருகிறது. சபாக்களில் சீட்டுகள் வந்து சேர்வது பெரும்பாலும் அப்பகுதிக்கே. விருந்தில் இனிப்புக்கு உள்ள இடம் அது. இன்னிசைக் கச்சேரியின் கோளாறு, இனிப்பையே முழு இலையாகப் பரிமாறத் துணிந்தது.

பட்டியலின் தரப்பில் எஞ்சியுள்ள வலுவான வாதம் ஒன்று உண்டு. திரைப்பாடல் இராகம் அன்று, ஒவ்வோர் இசைக்கருவியின் ஒலியும் முன்கூட்டியே எழுதப்பட்ட ஆக்கம். அதை அப்படியே இசைப்பதுதான் இசையமைப்பாளருக்குச் செய்யும் மரியாதை என்பதே அவ்வாதம். எழுதப்பட்ட இசைக்கு உண்மையாக இருப்பது வேறு, பதியப்பட்ட ஒலிக்கு அடிமையாக இருப்பது வேறு என்பதே இதற்கு விடை. ஐரோப்பியச் செவ்வியல் இசை பெரும்பாலும் எழுதப்பட்டதே. ஆயினும் ஒரே பீத்தோவன் சிம்பொனியை இரு நடத்துநர்கள் இரு வேகத்தில், இரு மனநிலையில் நிகழ்த்துவதைக் கேட்கவே அங்கே மக்கள் போகிறார்கள். படைத்தவனே தன் பாட்டை மாற்றினாலும் பட்டியல் பொறுக்காது என்பதற்கும் அங்கிருந்தே சான்று உண்டு. 1966 மே மாதம் மான்செஸ்டரில் பாப் டிலன் மின்கிடாரோடு பாடியபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் அவரை யூதாஸ் என்று கூவினார். பாட்டு யாருடையதோ அவரையே துரோகி என்று அழைக்கும் உரிமையைப் பட்டியல் ரசிகனுக்குத் தந்திருந்தது. வெம்பிளியில் எழுந்து போனவர்களுக்கும் அந்தக் குரலுக்கும் தொலைவு அதிகமில்லை.

பட்டியல் இல்லாவிட்டால் தமிழ் ரசிகன் கேட்கமாட்டான் என்ற அச்சத்துக்கும் அண்மையில் விடை கிடைத்திருக்கிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியது. நான்கு பகுதிகள் கொண்ட, பாடல் வரி இல்லாத, அதற்குமுன் பொது அரங்கில் எவரும் கேட்டிராத அப்படைப்புக்கு எவராலும் சீட்டு எழுதியிருக்க முடியாது. ஒப்பிடுவதற்கு ரெக்கார்டும் இல்லை. இளையராஜாவின் பாடல்களைப் பட்டியலிட்டே வளர்ந்த கூட்டம், வாழ்நாளில் ஒருமுறையேனும், அடுத்த சுரம் என்னவென்று தெரியாமல் அவர் இசையைக் கேட்டது.

எனவே துண்டுச்சீட்டை ஒழிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. அதை இரவின் கடைசி அரை மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பதே. வரி பிரித்துக் கொடை எடுக்கும் ஊர்கள் டிராக் ஓடும் மேடைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை நாகஸ்வரத்துக்கும் வில்லுக்கும் ஒதுக்கி, வாசிப்பவர் விரும்பியதை வாசிக்க விடலாம். ரசிகனும் ஒருமுறையாவது பாட்டின் பெயரை எழுதாமல் இராகத்தின் பெயரை எழுதி அனுப்பிப் பார்க்கலாம். காருகுறிச்சி அருணாசலம் 1921இல் பிறந்து 1964இல் மறைந்தார். அவரை நாடு முழுதும் அறியச் செய்த பாட்டு வெளிவந்தபின் அவர் வாழ்ந்தது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். அதற்கு முன் அவர் ஊர் ஊராக வாசித்த இரவுகளில் எதுவும் எவருடைய பட்டியலிலும் இல்லை.