“இங்கே வா”: பழைய சொற்கையேடுகளும் வர்க்க நோக்கும்

பழைய அகராதிகளைப் புரட்டுவதில் ஒருவகை இன்பம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. வழக்கொழிந்த சொற்களும், இன்ன சொல்லை வழங்கலாம், இன்னதை வழங்கலாகாது என அக்காலத்து அறிஞர் விதித்த கட்டளைகளும் இன்று நமக்குப் புன்னகையை வரவழைக்கின்றன. 1710இல் யோனதன் சுவிப்ற், தம் காலத்து நாகரிகர் நாவிற் புழங்கிய குறுக்கச் சொற்களைக் கண்டித்து எழுதினார். அவர் வெறுத்த ‘மொப்’ என்ற சொல் இன்று ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. விதித்தவரின் விதி மறைந்துவிட்டது. இதைக் கூறி நகைப்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். ஆனால் நிலையற்ற கும்பல் எனப் பொருள்தரும் இலத்தீன் தொடரின் வெட்டுத் துண்டே அச்சொல். சுவிப்ற் கண்டித்தது வெட்டப்பட்டதை மட்டுமே. மக்கள் திரளைப் பற்றி அத்தொடரில் உறைந்திருந்த இகழ்ச்சி அவர் செவியை உறுத்தவில்லை. பழைய சொல்நூல்களின் கவர்ச்சி பற்றிய பேச்சிலே தவறவிடப்படுவது இதுவேயாகும்.

சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரை இவ்வகையில் வெளிப்படையானது. உழைப்போரும் வணிகரும் வழங்கும் சொற்கள் தற்செயலாய்த் தோன்றி இடத்துக்கிடம் மாறி மறைவன. ஆதலின் பேணத்தக்கன அல்ல என்பது அவர் கொள்கை. முப்பது ஆண்டுகளின் பின், 1785இல், பிரான்சிஸ் குரோஸ் அவர் ஒதுக்கிய சொற்களுட் பலவற்றைத் தனிநூலாகத் தொகுத்தார். அத்தொகுப்பு பெரும்பயன் உடையது. எனினும் படைவீரனும் மாலுமியும் கள்வனும் அங்கே கனவான்களின் வாசிப்பறைக்குரிய வேடிக்கைப் பொருள்களாகவே புகுந்தனர்.

நமது நாட்டிலே நிலைமை இன்னும் கூர்மையானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தோட்டத்தொழில் பழகவந்த வெள்ளை இளைஞர்களுக்கென, கொழும்புப் பேர்கசன் நிறுவனத்தார் ஒரு தமிழ்க் கையேட்டை வெளியிட்டனர். சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் விளக்கப்பெயர். தலைப்போ ‘இங்கே வா’. சிங்களத்துக்கு ‘மெஹெ வரென்’ என்ற துணைநூலும் வந்தது. பொருள் ஒன்றே. இரு மொழிகளிலும் மரியாதை விகுதி களைந்த ஏவல்.

தமிழிலே ஏவலுக்குப் படிகள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் வா, வாரும், வாங்கோ என மூன்று. வயது, உறவு, சாதி என்பன சேர்ந்தே இவற்றுள் ஒன்றைத் தெரிவிக்கின்றன. துரைமாருக்கு முதற்படி போதுமானதாயிருந்தது. இதை வெள்ளையரின் அறியாமை என்று ஒதுக்கிவிடல் எளிது. முதிர்ந்த ஒடுக்கப்பட்ட மனிதரை நம்மவருட் சாதிமான்களின் சிறுபிள்ளைகளும் ‘வா’ என்றே விளித்து வந்தமையால், அப்படியின் பயன்பாட்டைத் துரைமார் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஆயத்தமாகவே கிடைத்தது.

1915இல் டபிள்யூ. ஜீ. பி. வெல்ஸ் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்ற நூலின் உபதலைப்பு மேலும் கவனத்துக்குரியது. தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் ‘விளங்கிக்கொள்ளும்’ தமிழ் என அது தன்னை அறிமுகஞ் செய்கின்றது. பேசும் தமிழ் என்று அன்று. தொழிலாளி இங்கே செவி மட்டும் உடையவன். ஒருவன் ஏவ மற்றவன் விளங்கிக்கொள்ளும் உறவே அங்கு மொழி எனப்பட்டது. உற்பத்தி உறவொன்றை ஆசிரியர் அறியாமலே ஒரு வினைச்சொல்லில் எழுதிவிட்டார்.

‘கூலி’ என்ற சொல்லின் கதியும் அத்தகையதே. குறளிலே அது உழைப்பின் பயனைக் குறித்தது. இன்றும் நமது பேச்சில் அது ஊதியமே. ஊதியத்துக்கு உழைப்பவர் கூலியாள். ஐரோப்பியர் வாயில் ‘ஆள்’ உதிர்ந்து, கூலியே மனிதனாயிற்று. 1886இல் வெளிவந்த யூல், பேர்ணல் ஆகியோரின் ‘ஹொப்சன்-ஜொப்சன்’ இச்சொல்லுக்குக் குஜராத்துக் கோளி இனப்பெயரையும் தமிழ்ச் சொல்லையும் மூலங்களாக ஆராய்கின்றது. மூலம் எதுவாயினும் ஆகுக. மனிதனுக்கு அவன் விலையையே பெயராக இடுதல், உழைப்புச்சக்தி பண்டமாதல் பற்றி மார்க்ஸ் கூறியதற்குச் சொல்லியல் தரும் சான்றாகும்.

ஆனால் தமிழறிஞர் இவ்விடத்திலே நீதிபதியாக அமர்வது அத்துணை எளிதன்று. வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என்ற தொல்காப்பிய மரபியல் விதியைக் காட்டி, 1960களின் தொடக்கத்தில் ஈழத்துப் பண்டிதருட் சிலர், படைப்பிலக்கியத்திற் பேச்சுமொழி புகுவதை இழிசனர் வழக்கு எனச் சாடினர். ஜோன்சனின் முன்னுரைக்கும் இச்சாடலுக்கும் இடையே இரு நூற்றாண்டுகளும் ஒரு பெருங்கடலும் கிடந்தும், தொனியில் வேறுபாடு காண்பது கடினம். ஜோன்சனாவது சொற்களைத்தான் ஒதுக்கினார். நம்மவர் பேசுவோரையும் சேர்த்தே பெயரிட்டனர்.

தோட்டத்துத் தமிழோ, கையேடு காட்டிய எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. காலை ஆள்கணக்கெடுக்கும் அணிவகுப்பு ‘பெரட்டு’ ஆயிற்று. ஒருநாள் வேலைக்குரிய பதிவு ‘பேர்’. அதிற் பாதி வெட்டப்படின் ‘அரைப்பேர்’. ஆட்கணக்கிற் கங்காணிக்குச் சேர்ந்தது ‘தலைக்காசு’. இவை எவராலும் கற்பிக்கப்பட்டவை அல்ல. சுரண்டலின் நுட்பங்களை அதற்கு உட்பட்டோரே பெயரிட்டு அறிந்துகொண்ட கலைச்சொற்கள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களிலே கங்காணியும் துரையும் ஏளனத்துக்கு ஆளாவதைக் காண்கின்றோம். கையேட்டில் இடம்பெறாத மறுமொழி அங்கே கிடைக்கின்றது. ‘இங்கே வா’வைப் படிப்போர் அப்பாடல்களையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும், தனியே படித்தால் எஞ்சுவது பழமையின் சுவை மட்டுமே.

‘துண்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பொது அகராதியில் அது கூறு, சிறு பகுதி. தோட்டத்திலோ, குறித்த கடனைத் தீர்ப்பின் ஆட்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக்கொடுத்த கடிதம். அக்காகிதத்தோடு கடனும் ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறினர். 1921இற் சட்டம் அம்முறையை ஒழித்தது. கடன்பட்டு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அச்சொல்லை வேறு பொருள்களில் வழங்குகின்றனர். அப்பழைய பொருளைப் பதிவுசெய்ய இனி நமக்குத் தேவைப்படுவது துரைமாரின் கையேடன்று. தோட்டத்து முதியோரின் நினைவு. அதற்கும் காலம் அதிகம் இல்லை.