சபைக்கு எண்கோணம், தங்க வருவோருக்குத் தரை

யாத்ரிகர் விடுதி என்றாலே கோபுரம் போல ஒரு முகப்பு, தாமரை போல ஒரு கூரை என்று வரைபடம் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை உரசிப் பார்க்கக் கடலூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கட்டடத்தையே தத்துவமாக்கிய சிதம்பரமும் வடலூரும் இங்கேதான் இருக்கின்றன.

பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு. 72,000 ஆணிகள், அவை நாடிகளின் கணக்கு என்பது சிதம்பரத்து மரபு. கோயில் அங்கே ஓர் உடம்பு. வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்று அழைத்த வள்ளலார், ஞானசபையை எண்கோணமாக எழுப்பி, ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகளைத் தொங்கவிட்டார். 1872 தைப்பூசத்தில் முதல் தரிசனம் நடந்தது. இந்த வடிவங்களுக்கு வலிமை உண்டு. ஏனென்றால் அவை நின்று பார்ப்பவருக்காகக் கட்டியவை. யாரும் அவற்றுக்குள் படுத்து உறங்குவதில்லை.

அதே வள்ளலார் ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1867 மே 23 அன்று, சத்திய தருமச்சாலையைத் தொடங்கிவிட்டார். அங்கே கோணமும் இல்லை, திரையும் இல்லை. இருப்பது 21 அடி நீள அணையா அடுப்பு. பெரிய பாத்திரங்களை வரிசையாக ஏற்ற வேண்டிய தேவைதான் அந்த நீளத்தைக் கேட்கிறது. பசித்து வருபவருக்கான இடத்தையும் ஒளியைக் காண வருபவருக்கான இடத்தையும் அவர் வேறு வேறாக வைத்தார். தங்குமிடத்துக்கு உருவகம் தேவையில்லை என்பதற்கு எனக்கு இதுவே முதன்மைச் சான்று.

இதற்கு எதிர்ச்சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தின் அடித்தளத்தில் யானையும் குதிரையும் தேரிழுப்பது போன்ற சிற்ப வேலை உண்டு. வழிப்போக்கர் தங்கும் இடத்திலும் உருவகம் நிற்க முடியும் என்பதற்கு அது அழகான ஆதாரம். ஆனால் தேர் வெளிப்பக்கத்தோடு நின்றுவிட்டது. உள்ளே முற்றமும் தாழ்வாரமும்தான். சோறும் மருத்துவமும் கல்வியும் தந்ததால்தான் தஞ்சை மராட்டியர் சத்திரங்கள் பேர் பெற்றன.

தைப்பூசத்தன்று வடலூரில் ஆறு காலத் தரிசனம். இரவு பத்து மணிக்கு ஒன்று, மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஒன்று. இடைப்பட்ட நேரத்தைக் குடும்பம் குடும்பமாக மக்கள் கழித்தாக வேண்டும். சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரையின் மகாபிஷேகம் விடியுமுன் தொடங்கிவிடும். இரு ஊரிலும் வேண்டியது ஒன்றே: பாய் விரிக்க நீண்ட கூடம், பெண்களுக்குப் போதுமான கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், முதியோர் ஏறச் சரிவுப் பாதை. எண்கோண அறையில் பாய்கள் நேராகச் சேராது, மூலைகள் வீணாகும். இதழிதழான கூரையின் மடிப்புகளில் வடகிழக்குப் பருவமழை தேங்கி, ஒழுக வழி பார்க்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்த மாவட்டம் இது. உயர்ந்த அடித்தளமும் உறுதியான கூரையும் இருந்தால் அதே விடுதி ஊராருக்கும் புகலிடமாகும்.

2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்த் திட்டமாக வள்ளலார் சர்வதேச மையத்துக்கு வடலூர் ஞானசபையைச் சுற்றிய பெருவெளியில் அடிக்கல் நாட்டியபோது, அவ்வூர்ப் பார்வதிபுரம் மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பெருவெளி அவர்களுடைய முன்னோர் கொடுத்த நிலம். ஜோதியைக் காணக் கூடும் கூட்டம் நிற்பது அங்கேதான். வசதிகள் தேவை என்ற அரசின் வாதம் சரி. இடம் பற்றிய ஊராரின் வாதம் அதைவிடச் சரி. ஏனென்றால் அந்த வெற்றிடமும் சபையின் வடிவமைப்பில் ஒரு பகுதி. அதை அடைத்துவிட்டு எத்தனை குறியீட்டைச் செதுக்கினாலும் ஈடாகாது.

ஆகவே விடுதி வரட்டும், பெருவெளிக்கு வெளியே, நடந்து வரும் தொலைவில். சதுரமாக, காற்றோட்டமாக, முற்றம் வைத்து. சிற்பிக்கு வாசல் நிலையையும் விளக்கு மாடத்தையும் விட்டுக்கொடுக்கலாம். செலவுக் கணக்கில் முதல் வரி மட்டும் கழிப்பறைக்கும் அடுப்படிக்கும் போக வேண்டும்.